நகராத காருக்கு ஓட்டப் பரிசோதனை

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குப் பல் செட்காரரின் மனைவி காரைக் கிளப்பி, கியரை ‘டி’யில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்தாள். இன்ஜின் ஊரைக் கூட்டியதே தவிர சக்கரம் ஓர் அங்குலம் அசையவில்லை. ‘ஆர்’ போட்டுப் பார்த்தாள். முன்னால் போக விரும்பாத கார் பின்னால் போகவும் விரும்பவில்லை.

“என்னங்க, வண்டி நகர மாட்டேங்குது.”

பல் செட்காரர் கையெல்லாம் அச்சு மாவாக, பாதி அச்சு எடுத்த ஒரு மேல்வரிசையோடு வெளியே வந்தார். வீட்டின் முன்னறையில்தான் அவருடைய பட்டறை. ஊரில் பாதிப் பேர் அவர் செய்துகொடுத்த பற்களால்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“டி போட்டியா?”

“போட்டேன்.”

“சரியாப் போட்டியா?”

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவர் பின்னால் மிகவும் வருந்தினார். ஏனென்றால் அடுத்த நாலு நாளில் இதே கேள்வியை அவரிடம் முப்பத்தியொரு பேர் கேட்டார்கள்.

அந்தக் கார் நகர்ந்தே ஆக வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த விபத்தில் மனைவியின் இடதுகால் பலமிழந்துவிட்டது. கிளட்ச் மிதிக்கிற கார் இனி ஆகாது. அதனால்தான் வலதுகால் மட்டும் போதும் என்று இந்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கினார்கள். நாலு மாதம் விழுந்து விழுந்து பழகி அவள் தனி லைசென்ஸ் வாங்கினாள். இரண்டு வருஷம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில், நகரத்தைச் சுற்றியிருக்கிற கிணறுகளிலும் தொட்டிகளிலும் தண்ணீர் எடுத்து வந்து சோதிக்கிற வேலை. நியமனக் கடிதத்தில் இரண்டு வரி தடித்த எழுத்தில் இருந்தது. வருகிற திங்கள் காலை ஒன்பது மணிக்குச் சொந்த வாகனத்தைத் தானே ஓட்டி வந்து காட்ட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு வேலை போய்விடும்.

“திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?” என்று அவள் கேட்டாள்.

“இன்னிக்கே ஆயிடும். கம்பெனி சர்வீஸ் சென்டர் எதுக்கு இருக்கு?” என்றார் பல் செட்காரர். தான் கேட்ட அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் அவருக்கு விடை தெரியாது.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் உத்தரவாதப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே மிரட்டல் இருந்தது: வெளியாள் கை பட்டால் உத்தரவாதம் ரத்து. கியர்பாக்ஸ் என்பது காரிலேயே விலை கூடிய சாமான். மெக்கானிக்கும் விவரமானவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிவந்து, “தொட மாட்டேன் சார், பழி எம்மேல வந்துடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். லாரி கிடைக்க ஒரு நாள் ஆயிற்று. புதன்கிழமை காலை கார் அதன் முதுகில் ஏறி சர்வீஸ் சென்டருக்குப் போனது.

சர்வீஸ் சென்டர் பளபளவென்று இருந்தது. தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். வாசலில் இரண்டு கேட் இருந்தன. ஓடி வருகிற வண்டிக்கு ஒன்று, ஏற்றி வருகிற வண்டிக்கு இன்னொன்று. லாரியைக் கண்டதும் வாட்ச்மேன் இரண்டாவது கேட்டைக் காட்டினார். அது விபத்துப் பிரிவுக்குப் போகிற வழி.

விபத்துப் பிரிவின் அதிகாரி காரைச் சுற்றி மூன்று முறை நடந்தார். முகம் வாடிப்போயிற்று.

“எங்க மோதுச்சு?”

“எங்கயும் மோதல சார். கியர் விழல. அதனால ஏத்திட்டு வந்தோம்.”

“மோதாத வண்டிய எப்படி சார் நான் உள்ள எடுக்கறது? அடிபட்ட இடம்னு பாரத்துல ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா மேலிடத்துல என்னைக் கேப்பாங்க.”

“மோதலைன்னு எழுதுங்களேன்.”

“மோதலைன்னா இது விபத்து இல்லையே சார்.” அதிகாரி பொறுமையாக விளக்கினார். “நீங்க பொதுக் குறைப் பிரிவுக்குத்தான் போகணும். அதோ தெரியுது பாருங்க, அறுபது அடி. வண்டிய எடுத்துட்டு அங்க போயிடுங்க.”

“அதுதான் சார் குறையே. எடுக்க முடியல.”

“அந்தக் குறைய அங்க சொல்லுங்க.”

லாரிக்காரர் காரை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வளாகத்துக்குள் வாடிக்கையாளரின் வண்டியை ஊழியர்கள் தள்ளக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. முதுகு பிடித்துக்கொண்டால் யார் பொறுப்பு? வாடிக்கையாளர் தள்ளலாம். அதற்கு அவர் முதலில் பாதுகாப்புப் படம் பார்க்க வேண்டும். பல் செட்காரர் குளிரூட்டிய ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து, பதினோரு நிமிஷம் ‘தள்ளுவது எப்படி’ என்ற படத்தைப் பார்த்தார். பிறகு அவருக்கு மஞ்சள் ஹெல்மெட்டும் பளபளக்கிற சட்டையும் மாட்டிவிட்டார்கள். வாட்ச்மேன் விசில் ஊத, அறுபது அடியை அவர் ஒற்றை ஆளாகத் தள்ளி முடித்தபோது பொதுக் குறைப் பிரிவில் சாப்பாட்டு இடைவேளை விட்டிருந்தது. அதற்குப் பிறகு அன்று டோக்கன் கிடையாது.

வியாழக்கிழமை சர்வீஸ் ஆலோசகர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லெட், முகத்தில் எப்போதும் அழியாத ஒரு புன்னகை. அந்தப் பற்கள் அவருடைய சொந்தப் பற்கள்தான் என்பதைப் பல் செட்காரர் ஒரே பார்வையில் கண்டுகொண்டார். வீணாகப் போன நல்ல பற்கள்.

“சொல்லுங்க சார். என்ன குறை?”

“எந்த கியரும் விழல. டி போட்டாலும் நகரல, ஆர் போட்டாலும் நகரல.”

“சரியாப் போட்டீங்களா?”

“போட்டேன்.”

ஆலோசகர் டேப்லெட்டில் தட்டினார். “எந்த கியர்ல சார் அதிகமா நகரல?”

“எதுலயும் நகரல.”

“அப்படி ஒரு விடை இதுல இல்ல சார். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“டி.”

“நன்றி சார். காலையில நகரலையா, சாயங்காலமா?”

“எப்பவுமே.”

“நகராத நேரத்துல எவ்வளவு வேகத்துல போய்ட்டிருந்தீங்க?”

எதிராளி கிண்டல் செய்கிறாரோ என்று பல் செட்காரர் முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டல் இல்லை. அந்தக் கேள்வியும் டேப்லெட்டில்தான் இருந்தது.

அடுத்த திரையில் ஆலோசகர் நின்றுவிட்டார். முதல் கட்டம், ஓட்டப் பரிசோதனை: வாடிக்கையாளர் முன்னிலையில் வண்டியை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிக் குறையை உறுதி செய்ய வேண்டும். ஐந்து என்று பதிவானால்தான் இரண்டாம் கட்டம் திறக்கும். நேற்றுத் தள்ளிய அறுபது அடியைப் போட்டுப் பார்த்தார். டேப்லெட் சிவப்பாகி மறுத்தது.

“சார், ஒரு அஞ்சு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிக் காட்டிட்டீங்கன்னா...”

“ஓடுச்சுன்னா நான் ஏங்க இங்க வரேன்?”

“புரியுது சார். உங்க நிலைமை எனக்கு நல்லாவே புரியுது. ஆனா டேப்லெட்டுக்குப் புரியணுமே.”

“வண்டிக்கு அடியில ஒரு தடவை குனிஞ்சு பாத்துடலாமே. நானே டார்ச் பிடிக்கறேன்.”

“அடியில பாக்கறது நாலாவது கட்டம் சார்.”

பல் செட்காரருக்கு ரத்தம் கொதித்தது. அவரிடம் ஒருவர் செட் பொருந்தவில்லை என்று வந்தால் முதல் வேலை, “வாயைத் திறங்க” என்பதுதான். முப்பது வருஷத்தில் வாயைத் திறக்காமல் யாருக்கும் அவர் வைத்தியம் பார்த்ததில்லை. இங்கே வாயைத் திறப்பது நாலாவது கட்டம்.

ஆலோசகர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே ஒரு மணி நேரம் ஆலோசித்து வழி கண்டுபிடித்தார்கள். ஓட்டப் பரிசோதனை என்றால் வண்டி ஐந்து கிலோமீட்டர் இடம் மாற வேண்டும், அவ்வளவுதான். எதன்மேல் மாற வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு மறுபடியும் ஒரு லாரி வந்தது. காரை அதன்மேல் ஏற்றிச் சங்கிலி போட்டார்கள். ஆலோசகர் காருக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டார். வாடிக்கையாளர் முன்னிலை அவசியம் என்பதால் பல் செட்காரர் பக்கத்து சீட்டில் ஏற்றப்பட்டார். லாரி ஊருக்குள் புறப்பட்டது. லாரி வளைந்தபோது ஆலோசகர் ஸ்டியரிங்கை வளைத்தார். சிக்னலில் லாரி நின்றபோது பிரேக்கை மிதித்தார். திரும்புவதற்கு முன்னால் மறக்காமல் இண்டிகேட்டர் போட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் இவர்களுக்கு நேர் எதிரே, ஒரே உயரத்தில் இருந்தார்கள். ஒரு பெண்மணி பல் செட்காரரை அடையாளம் கண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவர் செய்துகொடுத்ததுதான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இப்ப ஏதாவது சத்தம் கேக்குதா சார்?”

“லாரி சத்தம் கேக்குது.”

“அது வெளிச் சத்தம். அதைச் சேர்க்கக் கூடாது.”

திரும்பி வந்ததும் டேப்லெட் பச்சையாகியது. அறிக்கையில் ஆலோசகர் எழுதியதைப் பல் செட்காரர் தோளுக்கு மேலிருந்து படித்தார். ‘வண்டி சீராக ஓடியது. அதிர்வு இல்லை. கியர் மாறுவதே தெரியவில்லை. எரிபொருள் செலவு மிக மிகக் குறைவு.’

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது முதலில் அவள் நம்பவில்லை. நம்பியபின் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நியமனக் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தாள். “நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க” என்றாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் கட்டம். காரின் கம்ப்யூட்டரோடு அவர்களுடைய கம்ப்யூட்டரை ஒயரால் இணைத்துக் குசலம் விசாரித்தார்கள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: ‘குறை ஏதும் இல்லை. கியர் நியூட்ரலில் உள்ளது.’

“டி போட்டிருக்கேனே” என்றார் பல் செட்காரர். லீவர் ‘டி’யில்தான் இருந்தது. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒளிர்ந்த எழுத்து ‘என்’. அவர் லீவரை ‘ஆர்’ருக்குக் கொண்டுபோனார். எழுத்து ‘என்’. ‘பி’க்குக் கொண்டுபோனார். அப்போதும் ‘என்’. வெண்ணெயில் கத்தி போல லீவர் எங்கும் தடையில்லாமல் போய்வந்தது.

இதைக் கேள்விப்பட்டுப் பணிமனையில் இருந்த ஒவ்வொருவரும் வந்து லீவரை ஆட்டிப் பார்த்தார்கள். கணக்குப் பிரிவிலிருந்துகூட ஒருவர் வந்து ஆட்டிவிட்டுப் போனார். கடைசியில் மேனேஜர் வந்தார். அவர் ஆட்டவில்லை. பல் செட்காரரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், மெத்தை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார்.

“சார், நீங்க தப்பா நினைக்கக் கூடாது. உங்க வண்டி நியூட்ரல்ல இருக்கு. நியூட்ரல்ல இருக்கற வண்டி நகரலாமா? கூடாது. உங்க வண்டி நகருதா? நகரல. அப்ப வண்டி ரொம்ப ஒழுங்கா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? நியூட்ரல்ல போட்டு அது நகர்ந்திருந்தா, அது குறை. அப்ப நானே உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன்.”

“சார், நான் டி போட்டிருக்கேன். கம்ப்யூட்டர் என்-னு சொல்லுது. அப்ப லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஏதோ அறுந்துதானே போயிருக்கணும்? எனக்கே தோணுதே.”

மேனேஜர் முதல்முறையாகச் சங்கடப்பட்டார். “நல்ல கேள்வி. லீவர் உள்அலங்காரப் பிரிவுல வருது. அவங்க பாத்துட்டாங்க, லீவர் பிரமாதமா இருக்கு. கியர்பாக்ஸ் இயந்திரப் பிரிவு. அதுவும் பிரமாதம்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. நடுவுல இருக்கறது சார்...” கையை விரித்தார். “நடுவுலன்னு ஒரு பிரிவு எங்ககிட்ட இல்ல.”

“யாராவது ஒருத்தர் குனிஞ்சு பாத்தாப் போதுமே சார்.”

“நான் பதினேழு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வண்டிக்கு அடியில குனிஞ்சதில்ல. குனியற நிலைமைய எனக்கு யாரும் உண்டாக்கினதில்ல. அதுதான் எங்க தரம். சொல்லப்போனா, நாங்க வண்டி ரிப்பேர் பண்றதே இல்ல சார். அதைத் தெருவோர ஷெட்டுல பண்ணுவாங்க. நாங்க வாடிக்கையாளருக்கு ஒரு அனுபவத்தைக் குடுக்கறோம்.”

“அனுபவிச்சுட்டேன் சார். என் மனைவி திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும். வண்டி இல்லைன்னா அந்த வேலை போயிடும். ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் அவ முகத்துல...” பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

மேனேஜர் உருகிவிட்டார். மணியடித்து ஆளைக் கூப்பிட்டு, “சாருக்கு நாளைக்கு வண்டியக் குடுத்துடுங்க. இலவசமா வாட்டர் வாஷ் பண்ணிக் குடுங்க” என்று உத்தரவு போட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பல் செட்காரர் வண்டி கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மனைவியும் ஆட்டோவில் வந்து, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஓடாத காரைக் கழுவி வாங்குவதற்கு இரண்டு பேர்.

அந்த வளாகத்திலேயே வண்டிக்கு அடியில் போகிற ஒரே ஆள், தண்ணீர் அடிக்கிற அக்காதான். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. காரை மேடையில் ஏற்றி, அடியில் நுழைந்து சேற்றை அடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று தண்ணீரை நிறுத்தினார்.

“சார், இங்க ஒரு கேபிள் தொங்குதே, தெரியுமா?”

பல் செட்காரர் அப்படியே குனிந்து உள்ளே பார்த்தார். லீவரிலிருந்து வருகிற கேபிள், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னக் குமிழிலிருந்து கழன்று அநாதையாகத் தொங்கியது. அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் வளையத்தில் விரிசல்.

“இது இதுலதான் உக்காரணும்” என்று சொல்லி அக்கா கேபிளின் நுனியைக் குமிழின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ‘டக்’ என்றது. மறுபடியும் கழலாமல் இருக்க, குழாயைக் கட்டுகிற ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி இறுக்கினார். “இப்பப் போட்டுப் பாருங்க.”

காரை இறக்கினார்கள். பல் செட்காரர் ‘டி’ போட்டார். ‘டி’ ஒளிர்ந்தது. கார் சாதுவாக நாலடி முன்னால் வந்தது. ‘ஆர்’ போட்டார், நாலடி பின்னால் போனது. அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாலு நாள். இரண்டு லாரி. ஒரு ஹெல்மெட். கடைசியில் ஒரு கட்டைவிரல் அழுத்தம்.

விஷயம் பரவி, மேனேஜர் வேகமாக நடந்து வந்தார். பின்னால் ஆலோசகர். பாராட்டத்தான் வருகிறார்கள் என்று பல் செட்காரர் நினைத்தார்.

“யார் சரி பண்ணது?” என்றார் மேனேஜர்.

“நான்தாங்க. கழண்டு கிடந்துச்சு, மாட்டிவிட்டேன்” என்றார் அக்கா.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க? இந்த வண்டியில குறையே இல்லைன்னு நேத்து நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இல்லாத குறைய நீங்க சரி பண்ணினா, என் கையெழுத்துக்கு என்ன மரியாதை?” பல் செட்காரரிடம் திரும்பினார். “சார், வண்டி வந்த நிலையும் போற நிலையும் அறிக்கையில ஒண்ணா இருக்கு. ஒரு வித்தியாசம் இருந்தாலும் கேட் பாஸ் வராது. அதுமட்டும் இல்ல, கியர்பாக்ஸ் பக்கம் அனுமதி இல்லாத கை பட்டிருக்கு. உங்க உத்தரவாதமே போயிடும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்.”

“அதனால?”

“வந்த நிலைக்கே கொண்டு வந்துடணும்.”

பல் செட்காரர் கத்தினார். முப்பது வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் கை வைத்து மெதுவாகவே பேசிப் பழகிய மனிதர், அன்று வளாகமே திரும்பிப் பார்க்கிறபடி கத்தினார். ஓடுகிற வண்டியை ஓடாமல் செய்துதான் தருவீர்களா என்று கேட்டார். உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்றார். ஆலோசகர் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘வாடிக்கையாளர் கருத்து’ என்ற கட்டத்தில் ஏதோ தட்டினார். கேட் பாஸ் இல்லாமல் வாட்ச்மேன் கேட்டின் சங்கிலியை அவிழ்க்க மாட்டார். மணி பன்னிரண்டு. ஒரு மணிக்கு மூடினால் திங்கள் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்பது மணிக்கு வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அவர் ஒரு தூணில் சாய்ந்து நின்றார்.

கேபிளைக் கழற்ற இயந்திரப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்கே கழற்றுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஆகவே அக்காவையே கூப்பிட்டார்கள்.

அக்கா மேடைக்கு அடியில் போவதற்கு முன்னால் பல் செட்காரரை ஒரு பார்வை பார்த்தார். “சார், நீங்களும் கிட்ட வந்து பாருங்க. உங்க வண்டி, நாளைக்கு எம்மேல குறை சொல்லக் கூடாது.” பிறகு எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டே வேலை செய்தார். “இந்தாங்க, முன்சக்கரத்துக்குப் பின்னாடி கை நுழையற மாதிரி சந்து இருக்கு. மேடை இல்லைன்னாலும் படுத்துக்கிட்டா முழங்கை வரைக்கும் போயிடும். ஹேண்ட் பிரேக் போட்டுட்டு, இன்ஜினை அணைச்சு, லீவரை என்-ல வச்சுக்கணும். இதுதான் குமிழ். இப்பப் பட்டைய வெட்டிட்டேன். இப்படி மேல தூக்கினா கழண்டுடும். கீழ அழுத்தினா மாட்டிக்கும். அழுத்தக் கூடாது. அழுத்தினா மாட்டிக்கும்னு மட்டும் சொல்றேன்.”

“அதெல்லாம் எதுக்குச் சாருக்கு?” என்றார் மேனேஜர்.

“தெரிஞ்சுக்கட்டுமேன்னுதான் சார்” என்றார் அக்கா. எழுந்து வரும்போது புதுப் பட்டைகள் இரண்டு பல் செட்காரரின் சட்டைப்பைக்குள் விழுந்தன. அவர் நன்றி சொல்லக்கூட இல்லை. சொன்னால் அக்காவுக்கு வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது.

கார் வந்த நிலைக்கு வந்தது. ‘டி’ போட்டு, நகரவில்லை என்று ஆலோசகர் உறுதி செய்தார். கேட் பாஸ் கிடைத்தது. ஒப்படைப்பு விழா நடந்தது. ஒப்படைக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் அங்கே ஒரு பித்தளை மணியை அடித்து, ஊழியர் அனைவரும் வரிசையாக நின்று கை தட்டுவது வழக்கம். பல் செட்காரருக்கு மறுபடியும் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டினார்கள். மனைவி ஸ்டியரிங்கைப் பிடிக்க, காத்திருந்த வாடிக்கையாளர்கள் மூன்று பேர் பரிதாபப்பட்டுக் கை கொடுக்க, பலத்த கைதட்டலுக்கு நடுவே அவர் தன் காரைத் தள்ளிக்கொண்டு போனார். கேட்டில் ஹெல்மெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

“இப்ப என்னங்க பண்றது? மறுபடியும் லாரிக்குச் சொல்லணுமா?” என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது. அவர் கத்தியது காதில் விழுந்ததே தவிர, கேபிள் விஷயம் அவளுக்குத் தெரியாது.

“சாலையைத் தாண்டி அந்த ஓரத்துக்குப் போயிடலாம். ஒரு நிமிஷ வேலை.”

எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை இருந்தது. அதன் முன்னால் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, லீவரை ‘என்’னில் வைக்கச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்தார். ஒரே மண்ணும் எண்ணெயும். வெள்ளைச் சட்டையோடு படுக்கத் தயங்கி நிற்கும்போது டீக்கடைக்காரர் வந்து, ஒரு பெரிய அட்டையைக் காரின் பக்கத்தில் விரித்தார். பிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டை. அதன் நடுவில் எண்ணெய்க் கறையாக, தலை, தோள், முதுகு என்று ஓர் ஆள் படுத்த அச்சு தெளிவாக விழுந்திருந்தது. ஒரே ஆள் படுத்து அப்படி ஆகாது. பற்களுக்கு அச்சு எடுக்கிற மனிதருக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது.

“கேபிளா, ஃபியூஸா?” என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

“கேபிள்.”

“அப்ப படுத்துத்தான் ஆகணும். ஃபியூஸ்னா நின்னுக்கிட்டே மாத்திடலாம்.”

பல் செட்காரர் அந்த அச்சின்மேல் படுத்தார். அளவெடுத்தது போல இருந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவி, குமிழைக் கண்டுபிடித்து, அடையாளம் தெரியாத ஒரு வாயில் கடைவாய்ப்பல்லைப் பொருத்துவதுபோல நுனியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ‘டக்’ என்றது. பட்டையைச் சுற்றி இறுக்கினார். மனைவி காரைக் கிளப்பி ‘டி’ போட்டாள்.

“நகருதுங்க” என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், சத்தமாகச் சொன்னால் நின்றுவிடும் என்பது போல. பிறகு முகம் முழுவதும் சிரித்தாள். இரண்டு வருஷமாகப் பார்க்காத சிரிப்பு அது. அதில் அவருடைய கைவேலை எதுவும் இல்லை.

அவர் அட்டையைச் சுருட்டித் திருப்பிக் கொடுக்கப் போனார்.

“சுருட்டாதீங்க, இருக்கட்டும்” என்றார் டீக்கடைக்காரர். எதிரே சர்வீஸ் சென்டருக்குள் மணி அடித்தது, கைதட்டல் கேட்டது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெரியவர், பளபளவென்று கழுவிய ஒரு நீலக் காரைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.